முன்ஷியும் பட்லரும்

சென்னை நுங்கம்பாக்கத்தில் கல்லூரிச் சாலை இருக்கிறது. பெண்கள் கிறித்துவக் கல்லூரி அங்கே இருப்பதால் வந்த பெயர் என்றுதான் ஆட்டோக்காரர் முதல் அங்கே படித்த பெண்கள் வரை பலரும் நினைக்கிறார்கள். அந்தக் கல்லூரி தொடங்கியது 1915ல். சாலைக்குப் பெயர் தந்த கல்லூரி அதற்கு நூறு வருஷத்துக்கு மேல் மூத்தது. கிழக்கிந்தியக் கம்பெனி 1812ல் தொடங்கிய புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி அது. பிற்காலத்தில் அது நடந்த இடம்தான் இன்று நாம் டி.பி.ஐ. என்று சொல்லும் கல்வித்துறை வளாகம். மாணவர்கள் எல்லாரும் வெள்ளைக்காரப் பையன்கள். மீசை முளைத்தும் முளைக்காததுமாகக் கப்பலிலிருந்து இறங்கிய சிவில் ஊழியர்கள். தமிழும் தெலுங்கும் மற்ற மொழிகளும் கற்றுத் தேறினால்தான் ஜில்லாவுக்கு அனுப்புவார்கள்.

கல்லூரியை உருவாக்கிய எல்லிஸ் துரையை நமக்குத் தெரியும். குறளுக்கு உரை எழுதியவர், திருவள்ளுவர் உருவத்தோடு பொற்காசு அடித்தவர், 1819ல் ராமநாதபுரத்தில் அகாலமாக இறந்தவர். அவரைப் பற்றிப் புத்தகங்கள் வந்திருக்கின்றன. அந்தப் பையன்களுக்கு எதிரே உட்கார்ந்து, “இன்னொரு தரம் சொல்லுங்க துரை” என்று நாளெல்லாம் தொண்டை வறண்டுபோன முன்ஷிகளைப் பற்றி எழுதத்தான் ஆளில்லை. தாண்டவராய முதலியார், வீரமாமுனிவரின் வரலாற்றை 1822ல் எழுதிய முத்துசாமிப் பிள்ளை என்று ஒன்றிரண்டு பேர் நூலாசிரியர்களாகிவிட்டதால் பிழைத்தார்கள். மற்றவர்கள் சம்பளப் பட்டியலோடு போய்விட்டார்கள்.

என் தாத்தாவும் ஒரு முன்ஷி. கோட்டைக் கல்லூரிக்குப் பல தலைமுறை பிந்தியவர். பசுமலையில் அமெரிக்க மிஷன்காரர்களுக்கும் மிஸ்ஸியம்மாக்களுக்கும் தமிழ் சொல்லிக்கொடுத்தவர். நான் மதுரையில் வெளிநாட்டு மாணவர்களுக்குத் தமிழ் கற்பித்தே வாழ்க்கையைக் கழித்தேன். எனக்கு முன்ஷி என்ற பட்டம் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். ஆகவே இதைச் சரித்திரப் பேராசிரியர் எழுதுவதுபோல என்னால் எழுத முடியாது. பழைய முன்ஷிகளின் எதிரே உட்கார்ந்திருந்த வாய்கள் எப்படிப்பட்டவை என்பது மட்டும் எனக்கு நன்றாகவே தெரியும். இருநூறு வருஷத்தில் ஆங்கிலேயனின் வாய் ஒன்றும் பெரிதாக மாறிவிடவில்லை.

ழகரம்தான் வெள்ளைக்காரனுக்குக் கஷ்டம் என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். வாழைப்பழத்தில் பாதித் தமிழனே வழுக்கி விழுகிறான், அதை விடுங்கள். ஆங்கிலம் பேசி வளர்ந்தவருக்கு உண்மையில் முதல் முட்டுக்கட்டை அழுத்தம். அவருடைய மொழியில் ஒரு சொல்லில் ஓர் அசையை ஓங்கி அடித்து மற்றவற்றை மென்று விழுங்கிவிட வேண்டும். தமிழில் அப்படி ஒன்றை அடித்தால் அது நீண்டுவிடுகிறது. கடைக்குப் போய்ப் ‘பல்’ வேண்டும் என்கிறார், வைத்தியரிடம் போய்ப் ‘பால்’ வலிக்கிறது என்கிறார். அடுத்தது இரட்டித்த மெய். கனியும் கன்னியும், புளியும் புள்ளியும், பலியும் பல்லியும் அவர் காதில் ஒன்றுதான். ஆங்கில எழுத்தில் ‘ன’வை இரண்டு தரம் எழுதினாலும் உச்சரிப்பது ஒரு தரமே. ஒரே சொல்லுக்குள் ‘ன்’னில் நாக்கைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைப்பது என்பதே அவர் அதுவரை செய்யாத காரியம். பிறகு தகரமும் டகரமும். ஆங்கிலேயனின் நாக்கு பல்லுக்கும் போகாமல் அண்ணத்துக்கும் மடங்காமல் நடுவில் ஈறுமேட்டில் நிற்கும். நமக்கு அது டகரமாகக் கேட்கிறது. அதனால்தான் டீயும் டேபிளும் டகரத்தில் வந்து சேர்ந்தன. அவரோ ‘தாத்தா’ என்று சொல்ல நினைத்து இரண்டுக்கும் நடுவில் ஒன்றைச் சொல்வார். சொல்லின் முதலில் வரும் பகரத்தில் ஒரு கொத்துக் காற்று வேறு வெளியே வரும். தாத்தா அவர்கள் வாய்க்கு முன்னால் ஒரு துண்டு மெல்லிய காகிதத்தைப் பிடித்து, அது ஆடாமல் ‘பாப்பா’ சொல்லச் சொல்வாராம். நானும் அதையே செய்தேன். பஸ் டிக்கெட் நல்ல கருவி.

இவ்வளவும் ஒலி. ஒலியை உழைத்தால் சரிக்கட்டிவிடலாம். சரளம் உடைவது வேறிடத்தில். ஆங்கிலத்தில் எழுவாயைச் சொல்லி வினையைச் சொல்லிவிட்டால் வாக்கியம் ஓடத் தொடங்கிவிடும். மிச்சத்தைப் போகிற போக்கில் ஒட்டிக்கொள்ளலாம். தமிழில் ‘நேத்து சந்தையில நம்மகிட்ட விலை பேசிட்டு வாங்காமப் போன அந்தம்மா’ என்று அத்தனையையும் முன்னால் அடுக்கிய பிறகுதான் ஆள் வந்து சேருவார். எதை முதலில் மனசில் எடுத்துக்கொள்வது என்ற பழக்கமே தலைகீழாக வேண்டும். சொல் தெரியும், இலக்கணம் தெரியும், ஆனாலும் வாய் ‘அந்தம்மா...’ என்று தொடங்கிவிட்டு அந்தரத்தில் நிற்கும்.

கோட்டைக் கல்லூரி முன்ஷிகளுக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்? நாள்தோறும் கேட்டவர்கள். ஆனால் துரையின் வாயைத் திருத்த எந்த முன்ஷிக்கு வாய் வரும்? இன்று எதிரே உட்கார்ந்திருக்கும் பையன் ஐந்து வருஷத்தில் ஏதோ ஒரு ஜில்லாவில் தலைமேல் உட்காரப் போகிறவன். அதோடு, தேர்வில் எளிதாகச் சோதிக்க வாய்த்தது மொழிபெயர்ப்பு. மனுவைப் படித்து ஆங்கிலத்தில் சொல், ஆங்கிலப் பத்தியைத் தமிழில் எழுது. அதற்காகத்தான் தாண்டவராய முதலியார் பஞ்சதந்திரக் கதையை 1826ல் உரைநடையில் வெளியிட்டார். நல்ல புத்தகம், நெடுங்காலம் வெள்ளைக்காரர்களுக்குப் பாடமாக இருந்தது. சந்தி பிரியாத அந்த நடையில் தமிழ் படித்துத் தேறிய துரை, ரயத்துகள் முன்னால் போய் நின்றபோது என்ன பேசியிருப்பார் என்று யோசித்தால் எனக்குச் சிரிப்பு வரும். தமிழில் எழுதுவது ஒன்று, பேசுவது இன்னொன்று என்று வீரமாமுனிவர் நூறு வருஷம் முன்பே கண்டுகொண்டு, கொடுந்தமிழுக்கென்று தனி இலக்கணம் லத்தீனில் எழுதியிருந்தார். 1738ல் தரங்கம்பாடியில் அது அச்சாகியும் இருந்தது. கையில் இருந்த புத்தகம் வாய்க்கு வரவில்லை.

அதே துரையின் வீட்டில் இன்னொருவரும் இரண்டாவது மொழி ஒன்றைக் கற்றுக்கொண்டிருந்தார். அவர் பட்லர்.

பட்லருக்கு முன்ஷி கிடையாது, தேர்வு கிடையாது, புத்தகம் கிடையாது. காலையில் துரை சொன்னதை மத்தியானத்துக்குள் செய்து முடிக்க வேண்டும். காதால் கேட்டுப் பிடித்த ஆங்கிலம் அது. ‘பட்லர் இங்கிலீஷ்’ என்று சொல்லிச் சிரிப்பதற்கு அந்தக் காலத்து வெள்ளைக்காரர்கள் சலிக்கவே இல்லை. பின்னால் கான்வென்ட் படித்த நம்மவர்களும் சேர்ந்துகொண்டார்கள். சிரிக்காமல் உட்கார்ந்து அதை ஆராய்ந்தவர் ஹூகோ ஷூகார்ட். ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரத்தில் பேராசிரியர். கலப்பு மொழிகளைத் தேடித் தேடி எழுதியவர். 1891ல் இந்திய ஆங்கிலத்தைப் பற்றிய கட்டுரையில் சென்னை பட்லர்களின் பேச்சுக்கு விதிகள் உண்டு என்று காட்டினார். ‘டெல்லிங்’ என்றால் சொல்கிறேன், சொல்வேன். ‘டன் டெல்’ என்றால் சொல்லியாகிவிட்டது. தமிழ் காதுள்ளவர்களுக்கு இதில் ஒரு பொறி தட்ட வேண்டும். சொல்லிட்டேன், கொடுத்திட்டேன், முடிச்சிட்டேன் என்று ஒவ்வொரு காரியத்தையும் ‘விடு’வைப் போட்டு முடிச்சுப் போடும் வாய்க்கு ஆங்கிலத்திலும் ஒரு முடிச்சு தேவைப்பட்டது, ‘டன்’ அகப்பட்டது, எடுத்துக்கொண்டது. இது என் ஊகம்தான், ஆனால் விட்டுக்கொடுக்க மாட்டேன். ‘அவர் டாக்டர்’ என்பதற்கு நடுவில் தமிழில் எதுவும் வேண்டாம் என்பதால் ஆங்கிலத்திலும் ஒன்றையும் வைக்கவில்லை. ‘எல்லாம்’ என்பதை ‘யெல்லாம்’ என்றே பேசிப் பழகியதால் ‘எவ்ரி’யும் ‘யெவ்ரி’ ஆனது. பால் அளக்கிற ஆழாக்கை அப்படியே ஆழாக்காக ஆங்கிலத்துக்குள் அனுப்பிவைத்தார்கள். துரைகளின் அகராதியிலும் அது ஏறியது.

பட்லர் ஆங்கிலத்தில் பிழை மலிந்திருந்தது. ஆனால் நிற்காமல் ஓடியது. தமிழில் எந்த இடத்தில் மூச்சு விட்டாரோ அதே இடத்தில் ஆங்கிலத்திலும் மூச்சு விட்டார். தமிழில் எதை முதலில் சொல்வாரோ அதை முதலில் சொன்னார். எதிரே துரை, பிழையில்லாத தமிழ் கற்றுத் தேர்வில் பரிசும் வாங்கியவர், ‘அந்தம்மா...’ என்று தொடங்கி நின்றுகொண்டிருந்தார். ஒரே கூரைக்குக் கீழே இந்த இரண்டு பேரும் எந்த மொழியில் பேசிக்கொண்டார்கள் தெரியுமா? பட்லர் ஆங்கிலத்தில். துரைகளும் துரைசாணிகளும் வேலைக்காரர்களிடம் அதையே பேசிப் பழகினார்கள். முன்ஷிக்குக் கொடுத்த சம்பளம் வீண் என்று கம்பெனிக் கணக்குப்பிள்ளை யாரும் எழுதி வைக்கவில்லை.

பட்லர் என்றால் எடுபிடி என்று நினைத்துவிட வேண்டாம். அயோத்திதாசப் பண்டிதரின் பாட்டனார் கந்தப்பன், ஹாரிங்டன் துரையிடம் பட்லராக இருந்தவர். குறள் ஓலைச்சுவடிகளைக் கொண்டுவந்து எல்லிஸிடம் சேர்ப்பித்தவர் அவரே என்று அயோத்திதாசர் எழுதியிருக்கிறார். கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்தவர்களை மட்டும் புலவர்கள் என்று எண்ணிக்கொள்கிறோம். சமையலறைப் பக்கம் நின்ற ஒருவர் வீட்டிலும் ஏடுகள் இருந்திருக்கின்றன.

எல்லா வெள்ளைக்காரர்களும் கோட்டைக் கல்லூரிப் பையன்கள் போல் மாட்டிக்கொண்டதில்லை. மிஷனரி சீகன்பால்கு 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கினார். கூட வந்த புளுட்சோ போர்த்துகீசியத்தை எடுத்துக்கொள்ள, இவர் தமிழை எடுத்துக்கொண்டார். ஊரில் இருந்த வயதான திண்ணைப் பள்ளி வாத்தியாரை, பிள்ளைகளோடு பள்ளியையே தன் வீட்டுக்கு மாற்றிக்கொள்ளச் சொல்லி, பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து மணலில் எழுதினார். இதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது அவருடைய மாலை நேரம். பகலெல்லாம் ஏடு படித்த களைப்பில், ராத்திரி கண்ணுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு ஒருவரை வாசிக்கச் சொல்லிக் கேட்பார். எந்த ஆசிரியரின் நடையைப் பேச்சில் பின்பற்றலாமோ அந்த ஆசிரியரைத் தேர்ந்து, அதையே மறுபடி மறுபடி வாசிக்கச் சொல்வார். பேச்சுக்குத் துபாஷி அழகப்பன் இருந்தார். போர்த்துகீசியம், டச்சு, டேனிஷ், ஜெர்மன் எல்லாம் தெரிந்த மனிதர். எட்டே மாதத்தில் தமிழ் பேசவும் எழுதவும் வந்துவிட்டது என்று சீகன்பால்கு ஊருக்கு எழுதினார். உழைப்புதான். ஆனால் இன்னொன்றும் இருக்கலாம் என்பது என் எண்ணம். அவர் ஜெர்மன்காரர். ஜெர்மனில் துணை வாக்கியத்தின் வினை கடைசியில் வரும்; வினைக்காகக் காத்திருக்கும் பொறுமை அந்த மனதுக்கு முன்பே பழக்கம்.

இதை நான் சும்மா சொல்லவில்லை. என் வகுப்பில் ஜப்பானிலிருந்து வந்தவர்களைக் கேட்டிருக்கிறேன். லகர, ளகர, ழகர, ரகர, றகரம் என்ற ஐந்தும் அவர்களைப் படுத்தும் பாடு கொஞ்சமில்லை. ஜப்பானிய மொழியில் லகர ரகர வேறுபாடே இல்லை. ஆனாலும் வாக்கியம் கடகடவென்று வரும். வினை கடைசியில், பெயரெச்சம் பெயருக்கு முன்னால், வேற்றுமை பெயருக்குப் பின்னால், எல்லாம் அவர்கள் வீட்டு ஒழுங்கே. தமிழும் ஜப்பானியமும் ஒரே குடும்பம் என்று ஜப்பானிய அறிஞர் சுசுமு ஓனோ சொன்னதை மொழியியலாளர்கள் ஏற்கவில்லை. எங்கள் வகுப்பில் ஒரு மாதம் உட்கார்ந்தவர்களுக்கு அந்த ஆசை ஏன் வந்தது என்று மட்டும் புரியும். தடுமாறும்போதுகூட அவர்களுக்கு வசதி. ஜப்பானில் யோசிக்கும்போது ‘அனோ...’ என்று இழுப்பார்கள். ‘அந்த’ என்று பொருள். நாம் ‘அது வந்து...’ என்று இழுக்கிறோம். ஒரே வாரத்தில் மாற்றிக்கொள்வார்கள். இங்கிலீஷ்காரரோ ‘அம்ம்...’ என்று முனகுவார். கேட்கிற மதுரைக்காரருக்கு அது யோசிப்பதாகப் படாது, தமிழ் மறந்துபோய்விட்டதாகப் படும். ‘வந்து’, ‘என்னன்னா’, ‘இந்த’ ஆகிய மூன்றையும் முதல் மாதத்திலேயே சொல்லிக்கொடுத்துவிடுவேன். பாடப்புத்தகங்களில் இவற்றுக்கு இடமில்லை. ஒரு மனுஷர் தமிழில் தயங்கக் கற்றுக்கொண்டால் பாதி சரளம் வந்த மாதிரி.

நடுவில் வந்த நூறு வருஷத்தை வேகமாகத் தாண்டிவிடலாம். 1854ல் கோட்டைக் கல்லூரியை மூடினார்கள். முன்ஷிகள் மிஷன் வளாகங்களுக்கும் கலெக்டர் பங்களாக்களுக்கும் பிரிந்து போனார்கள். போப் 1839ல் வந்து, ராமாநுச கவிராயரிடம் பாடம் கேட்டு, தன்னைப் போல வருகிறவர்களுக்குக் கைநூல் எழுதினார். ஆர்டன் 1891ல் பேச்சுத் தமிழுக்கு இலக்கணம் போட்டார். அந்த ஆர்டன் புத்தகத்தின் 1934 பதிப்புக்கு லண்டன் மொழியியலாளர் ஃபிர்த் தமிழ் உச்சரிப்பைப் பற்றி ஒரு பின்னிணைப்பு எழுதிச் சேர்த்தார். ஒலிநூல் பயின்ற ஒருவர் உதட்டையும் நாக்கையும் பார்த்து எழுதியது. முன்ஷிகள் மரியாதைக்காகச் சொல்லாமல் விட்டதில் நிறைய அதில் அச்சில் வந்தது. தாத்தாவிடம் அந்தப் பதிப்பு இருந்தது. பின்னிணைப்புப் பக்கங்கள் மட்டும் எண்ணெய் ஏறிப் பழுப்பாகியிருக்கும்.

சுதந்திரத்துக்குப் பிறகு மிஷன்காரர்கள் குறைந்தார்கள், ஆராய்ச்சி மாணவர்கள் வந்தார்கள். மதுரை அமெரிக்கன் கல்லூரியின் கு. பரமசிவம் அவர்களில் பலருக்கு ஆசான். அவரும் ஜேம்ஸ் லிண்ட்ஹோமும் சேர்ந்து 1980ல் கொண்டுவந்த பாடநூலை வைத்துத்தான் நாங்களும் நடத்தினோம். ஒலிநாடா வந்தது, அப்புறம் கணினி, இப்போது வீட்டில் இருந்தபடியே திரையில் சிகாகோ மாணவியைப் பார்க்கலாம்.

தாத்தா ஒரு வேலை செய்வார், அதை எந்தப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை. புது மிஸ்ஸியம்மா வந்தால் முதல் சில நாள் தமிழே ஆரம்பிக்க மாட்டார். அந்த அம்மா மற்ற அமெரிக்கர்களோடு இங்கிலீஷ் பேசும்போது பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பார். தாத்தாவுக்கு இங்கிலீஷ் அரைகுறை. என்ன பேசுகிறார்கள் என்பது அவருக்கு வேண்டியதில்லை. எவ்வளவு வேகம், எங்கே நிறுத்துகிறார், ஒரு பேச்சை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடங்குகிறாரா, பாதியில் அறுத்துத் திருப்பிக் கட்டுகிறாரா, இதுதான். “இந்தம்மா சொந்த பாஷையிலயே எண்ணி எண்ணித்தான் பேசுது தாயி. தமிழ்ல மட்டும் அருவி மாதிரி கொட்டும்னு எதிர்பார்த்தா அது என் தப்பு” என்பார். வேகமாகப் பேசுகிறவர்களுக்கு அவர் வேறு பாடம் வைத்திருந்தார். பிழையைப் பொறுத்துக்கொண்டு ஓடவிடுவார், அப்புறம் பிடித்து நிறுத்துவார். நிதானமானவர்களை அவசரப்படுத்தியதே இல்லை.

2015ல் நிவ்யா டி யோங்கும் அவருடன் ஆய்ந்தவர்களும் நெதர்லாந்தில் இதையே அளந்து பார்த்தார்கள். ஆங்கிலத்தையும் துருக்கியத்தையும் தாய்மொழியாகக் கொண்டவர்கள் டச்சு பேசியதையும் சொந்த மொழி பேசியதையும் பதிவு செய்து ஒப்பிட்டார்கள். ஒருவர் டச்சில் எவ்வளவு நிறுத்துகிறார், எவ்வளவு திக்குகிறார் என்பதை அவருடைய தாய்மொழிப் பேச்சைக் கொண்டே பெருமளவு ஊகிக்க முடிந்தது. அப்படியானால் தயக்கத்தை எல்லாம் அறியாமை என்று கணக்கிட்டு மதிப்பெண் குறைப்பது எப்படிச் சரியாகும் என்பது அவர்கள் கேள்வி. தாத்தாவிடம் கேட்டிருந்தால் பசுமலையிலேயே பதில் கிடைத்திருக்கும் என்று எனக்கு ஒரு சின்னக் கர்வம், மன்னித்துவிடுங்கள்.

இப்போதும் சிலர் கடைசி வாய்மொழித் தேர்வுக்கு என்னைக் கூப்பிடுகிறார்கள். எதிரே ஒரு படிவம் இருக்கும். ‘சரளம்’ என்று ஒரு கட்டம், அதில் ஐந்துக்கு இத்தனை என்று போட வேண்டும். போன தடவை வந்த பையன் ஸ்காட்லாந்துக்காரன். கேள்விக்குக் கேள்வி நெடுநேரம் மௌனம், பிறகு அப்பழுக்கில்லாத ஒரு தமிழ் வாக்கியம், மறுபடி மௌனம். கூட இருந்த இளம் ஆசிரியர் இரண்டு போட்டார். தேர்வு முடிந்து டீக்கடைக்குப் போனபோது அவனை அவன் மொழியில் அவன் ஊரைப் பற்றிப் பேசச் சொன்னேன். அதே மௌனம், அதே நிதானம், அதே இடங்களில் மூச்சு. திரும்பி வந்து நாலரை போட்டேன். அந்த ஆசிரியருக்கு இன்னும் என்மேல் வருத்தம்தான். படிவத்தின் அடியில் ‘குறிப்பு’ என்றிருந்த இடத்தில், பையன் இங்கிலீஷிலும் இப்படித்தான் பேசுகிறான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்திருக்கிறது. பதில் எழுத வேண்டும்.